காதுக்குள் ஒரு ஸ்பீக்கர்

என் பிரியமுள்ள செலினுக்கு,

மாதா புண்ணியத்தில் ஹேவ்லாக் தீவில் நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சொல்லச் சொல்ல, நான் வயலின் வாசிக்கும் ரிசார்ட்டில் வேலை பார்க்கும் சுபிதா எழுதுகிறாள்.

சனிக்கிழமை இங்கே ஒரு கூத்து. மேடையில் ஒரு பெட்டி உண்டு. காலால் மிதித்தால், நான் வயலினில் வாசித்ததைப் பிடித்து வைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதோடு சேர்ந்து நான் அடுத்ததை வாசிக்க வேண்டும். பெட்டி வாசிப்பது சரியாகக் கேட்கவில்லையென்று ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்தேன். வயலினில் மாட்டியிருந்த மைக் ஊளையிட்டது. நம் கல்யாணத்தில் சாமியார் வாயைத் திறந்ததும் மைக் அலறி, நீ பயந்து என் சுண்டுவிரலைப் பிடித்தாயே, அதே சத்தம். பெட்டி அந்த ஊளையையும் பிடித்துக்கொண்டு விடாமல் பாடியது.

"இன்னொரு தரம் கத்துச்சுன்னா மேடை பந்த், சாச்சா," என்றார் இந்திக்கார மேனேஜர்.

சவுண்ட் பார்க்கும் டெர்வின், ஸ்பீக்கர்களை எனக்கு முன்னால் தள்ளி, ஜனங்கள் பக்கம் திருப்பி வைத்தான். "ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ள போனாத்தானே தாத்தா கத்தும்? நீங்க இதுல கேளுங்க," என்று காதில் இயர்போனைச் செருகினான். நேற்று ஒரு கீச்சுகூட இல்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். மேனேஜரும் தட்டினார்.

இடது காது கொஞ்சம் மந்தம், அதனால்தான் சாய்ந்தேன். பயப்படாதே, இயர்போன் வலது காதில்தான். போன வாரம் போனில் நீ எதையோ அழுத்திக் கேட்டாய், நானும் சரி சரி என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று யாரையாவது எழுதச் சொல்லி அனுப்பு. சுபிதா சத்தமாக வாசிப்பாள்.

தபால் கொண்டுபோகும் படகுக்கு நேரமாகிவிட்டது.

உன்
அருளப்பன்