எந்தப் பொட்டு

ஐப்பசி, வியாழன் இரவு

பரளச்சி ஊர் மாரிச்சாமியின் பழைய டிராக்டர் இன்றைக்குத்தான் சரியானது. எண்ணெய் ஒழுகுகிறதென்று அவனே எஞ்சினைப் பிரித்து மாட்டியதிலிருந்து வெள்ளைப் புகை தள்ளியது, ஸ்டார்ட் ஆக மறுத்தது. டீசல் பம்பை டவுனுக்கு அனுப்பிப் பார்த்தோம். அதில் கோளாறு இல்லை. அதற்குள் மழை பெய்து, மற்றவர்கள் விதைத்துவிட்டார்கள்.

காலையில் எஞ்சினின் முன்மூடியைக் கழற்றினேன். டைமிங் கியர் சக்கரங்களில் அடையாளத்துக்குக் குத்திய, நேருக்கு நேர் சேர்ந்து நிற்க வேண்டிய புள்ளிகள் ஒரு பல் தள்ளி நின்றன.

"எதப் பாத்துப்பா மாட்டுன?"

"நீங்க போனுல சொன்னாப்புல, பொட்டையும் பொட்டையும் நேரா வச்சுத்தாண்ணே மாட்டுனேன்."

பின்னால் நின்ற அவன் மனைவி மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு ஆயுத பூசைல்ல. கழட்டிக் கெடந்த சக்கரத்துக்கெல்லாம் நாந்தாண்ணே குங்குமம் வச்சேன்."

பட்டறையில் அந்தப் புள்ளியைப் பொட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவனுக்குப் பொட்டு என்றால் குங்குமம்தான்.

புள்ளிகளைச் சேர்த்து மூடினேன். எஞ்சின் உடனே பிடித்தது. அவன் சிரித்துக்கொண்டே கலப்பையை மாட்டப் போனான். நான் அவன் புஞ்சைக் காட்டோரம் நின்று கரிசலைக் கையில் அள்ளிப் பார்த்தேன். விதைப்புக்கான ஈரம் போய், பிடி நிற்காமல் பொடியாக உதிர்ந்தது. கையைத் தட்டிவிட்டு வண்டியேறினேன். அவனிடம் சொல்லவில்லை.