இருப்பிடம் கேட்ட வரி

மார்ச் 4, செவ்வாய்

ஆரஞ்சு பிரிக்கும் கொட்டகையில் அம்மா வேலைக்கு வந்ததைப் பதிவு செய்வது, நான் நிரல் எழுதும் கம்பெனியின் செயலியில்தான். கேமராவில் முகத்தைக் காட்டினால் போதும். இன்று தன் புதுப் போனை என்னிடம் நீட்டினாள்.

"இட்செல், நான் எங்க இருக்கேன்னு எந்நேரமும் பாத்துக்கவான்னு கேக்குதுடி. வேலை முடிஞ்சு நான் சர்ச்சுக்குப் போனா இவங்களுக்கென்ன?"

மற்றவர்கள் படிக்காமலே 'சரி' அழுத்தியிருப்பார்கள்.

மார்ச் 5

ஆபீஸில் செயலியின் அனுமதிகள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். கேமரா, அதன் கீழே இருப்பிடம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், மாற்றியவர் என்ற இடத்தில் கேரிக் பெயர். போனின் கேமரா, மைக் எல்லாவற்றையும் செயலியோடு இணைப்பது அவர் பொறுப்பு. எட்டு வருட சீனியர். போன வாரம் கொட்டகை முதலாளியோடு டாக்கோ சாப்பிடப் போனார். எதற்கு?

மார்ச் 7

நான் பக்கத்தில் போனதும் கேரிக் லேப்டாப்பை மூடினார். "என்ன மேடம், பூனை மாதிரி வர்றீங்க?" சிரிப்பு வேறு.

மார்ச் 10

கொட்டகை முதலாளிக்காக இருப்பிடத்தைச் சேர்த்தது கேரிக்தான் என்று மேலாளர் நோரீனிடம் சொல்லிவிட்டேன்.

"இது அவன் வேலையே போற விஷயம்மா. நிச்சயமாத் தெரியுமா?"

"அவர் பேர்தான் இருக்கு."

மதியமே கேரிக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 11

அந்த வரிகள் எப்போது நுழைந்தன என்று நோரீன் எழுதிக் கேட்டார். பழைய பதிவுகளைத் தோண்டினேன். நவம்பரில் கேரிக் செய்தது, கோப்பு முழுவதும் இடைவெளிகளைச் சீராக்கியது மட்டும். அதனால்தான் எல்லா வரியிலும் அவர் பெயர். அதற்கு அடியில், போன ஜூன் — நான் சேர்ந்த மூன்றாம் நாள். கேமராவுக்காக ஒரு மாதிரிக் கோப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன். இருப்பிடமும் கூடவே வந்துவிட்டது. செயலி அனுமதி கேட்டதோடு சரி, யார் இருப்பிடத்தையும் சேமிக்கவில்லை.

நான்தான். வேற யாருமில்ல. எங்க வீட்லயே முதல் பட்டதாரி — படிச்சு என்னத்தக் கிழிச்சேன்? இதச் சொன்னா என் வேலை? சொல்லலன்னா அந்த ஆளோடது.

மார்ச் 12

சொல்லிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

கேரிக் வந்துவிட்டார். எனக்கும் வேலை இருக்கிறது. இருப்பிட வரிகளை நீக்கி, வழக்கம்போல் அவர் ஒப்புதலுக்கு அனுப்பினேன். முன்பெல்லாம் நான் அனுப்புவதைத் திறந்துகூடப் பார்க்காமல் 'சரி' போடுவார்.

இன்று நான் நீக்கியது நான்கு வரி. அவரிடமிருந்து பதினொரு கேள்வி வந்திருக்கிறது.