சரசு வைத்த கொள்ளி

தை, பௌர்ணமி, ஞாயிறு

கோத்தகிரி விடுதி ஒன்றில் மனப்பாரம் இறக்கும் நிலாச் சடங்கு. பாரத்தைக் காகிதத்தில் எழுதி நெருப்பில் போட வேண்டும். செய்தி சேகரிக்கப் போன என்னையும் எழுதச் சொன்னார்கள். 'ஜெகதளா சரசு' என்று எழுதினேன்.

இருபது வருடங்களுக்கு முன், மண்சரிவில் இறந்தவர்கள் பட்டியலில் உயிரோடிருந்த அவர் பெயரையும் சேர்த்தவன் நான். மறுநாளே திருத்தம் வந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவரைக் கேட்காமல் அவர் பெயரை எரிக்கக் கை வரவில்லை. காகிதத்தோடு பஸ் ஏறி ஜெகதளாவுக்குப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட சாமி! என்னையக் கொன்ன மவராசன் நீங்கதானுங்களா?" சரசு விழுந்து விழுந்து சிரித்தார். "பேப்பரைப் பாத்துப்போட்டு எங்க ஊட்டுக்காரர் அழுத அழுகை இருக்குதே! அதுக்கப்புறம் என்னைய அடிக்கக் கை ஓங்குனதே இல்லீங்க."

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"அதைக் குடுங்க இப்படி. செத்தவளே கொள்ளி வெக்கறேன்."

நிலா வெளிச்சத்தில் தீக்குச்சியைக் கிழித்தார். காகிதம் முழுதும் கருகியதும், "சரசு நல்லாத்தான் இருக்கறான்னு பேப்பர்ல போடுங்க சார்" என்றார்.

எழுதி முடித்துவிட்டேன். பெயரை மூன்று முறை சரிபார்த்தேன்.