பத்திருச்சு என்று சொன்னேன்

சோழவந்தான்
12-9-1983

அன்பு மகன் முத்துக்கருப்பனுக்கு அம்மா எழுதுவது.

இங்கு நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அய்யாவுக்குக் கேதம் கேட்க இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். அழுது முடித்ததும் உன் கரண்டு எப்போது வரும் என்றுதான் கேட்கிறார்கள். எல்லாம் என்னால் வந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

கடைசி நாளில் அய்யா கண்ணைத் திறந்து, "நம்ம பய சூரியன் பத்திருச்சாடி?" என்றார். கடல் தண்ணியிலிருந்து சூரியன் மாதிரி நெருப்பு மூட்டிக் கரண்டு எடுக்கப் போகிறோம் என்று நீ சொல்லிப் போனதிலிருந்து அவருக்கு அதே பேச்சுதானே. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. "பத்திருச்சு" என்றேன். சிரித்தார். பக்கத்தில் நின்ற உன் சித்தப்பா மலைச்சாமி கையைப் பிடித்து, "கேட்டியாடா, இனிமே மோட்டார் நிக்காது" என்றார். அந்தச் சிரிப்போடு போய்விட்டார்.

மலைச்சாமி நம்பிவிட்டார். சாகப் போகிறவர் முன்னால் யாராவது பொய் சொல்வார்களா? கரண்டு இல்லாதபோது தண்ணி இறைக்கிற தன் ஆயில் இஞ்சினைக் கப்பலூர் ஆளிடம் விற்றுவிட்டார். இப்போது பகலெல்லாம் கரண்டு இல்லை, கால்வாயிலும் தண்ணி இல்லை. அவருடைய வெற்றிலைக் கொடிக்கால் காய்கிறது. நேற்று வந்து, "மதினி, மகன் கரண்டு எம்புட்டுத் தூரம் வந்திருக்கு?" என்று கேட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது.

நம் இஞ்சின் சும்மாதான் கிடக்கிறது. கொடுத்தால், அதான் கரண்டு வருதே, இது எதுக்கு என்று கேட்பார். சீக்கிரம் வந்துவிடும் என்று நீ அவருக்கு நாலு வரி எழுதிப் போடு. படித்தவன் எழுதினால் பொறுப்பார்.

உன் அம்மா
ஜெயக்கொடி


இங்கிலாந்து
30-9-1983

அன்புள்ள அம்மா,

அய்யா முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்து வைக்காதவன் எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு அப்படி என்னால் எழுத முடியாது. எங்கள் இயந்திரத்தில் நெருப்பு ஒரு நொடி நிற்கிறது, அணைந்துவிடுகிறது. அதை மூட்ட இழுக்கிற கரண்டு ஒரு ஊருக்குப் போதும். திரும்பக் கிடைப்பது ஒரு பல்புக்குக் காணாது. நின்று எரிந்தாலும் அந்தச் சூட்டைத் தாங்கும் சுவர் எங்களிடம் இல்லை.

நான் சேர்ந்தபோது, இன்னும் முப்பது வருடம் என்றார்கள். இன்றைக்கும் முப்பது வருடம் என்கிறோம். பணம் கொடுப்பவர்கள் வரும் நாளில் கோட்டு மாட்டிக்கொண்டு நானும் அதையே சொல்கிறேன். என் காலத்தில் வராது என்றுதான் எனக்குப் படுகிறது.

நீ ஒரு தடவை சொன்னாய், சாகிற மனிதருக்காக. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிறேன்.

சித்தப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. ஊருக்கு வர எனக்கு முகமில்லை. வருசத் திதிக்கும் என்னை எதிர்பார்க்காதே.

உன் மகன்
முத்துக்கருப்பன்


சோழவந்தான்
20-10-1983

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சுவர், நொடி எல்லாம் எனக்கு விளங்கவில்லை. முகமில்லை என்று எழுதியிருந்தாயே, அது விளங்கியது.

மலைச்சாமி கொடிக்காலுக்கே போனேன். கருகின வெற்றிலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, சூரியன் பத்தல. நாந்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் அடுத்த இலையைக் கிள்ளினார். அவர் பெண்டாட்டி ஒச்சாயிதான் கத்தினாள். "சாகப் போற மனுசன்கிட்டச் சொன்னீக, சரி. உசுரோட இருக்க மனுசனும் நம்பிட்டாருன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தீகளேக்கா!"

தலையைக் குனிந்து நின்றேன்.

மறுநாள் நம் இஞ்சினை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினேன். மலைச்சாமி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அண்ணன் இஞ்சினு" என்று தடவிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. உட்காருங்க மதினி என்றும் சொல்லவில்லை. இப்போது நம் வீட்டுப் பக்கம் அவர் வருவதில்லை. காலையில் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்கிறது.

அய்யாவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. படத்துக்கு விளக்கேற்றினேன். முகத்தைப் பார்க்கக் கூசியது. திரியைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் பத்தல" என்றேன்.

திதிக்கு வா ராசா. ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. இனி உன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

உன் அம்மா
ஜெயக்கொடி