நான் சுண்டாத கயிறு

மச்சான்,

என் நெற்றியில் இரண்டு வட்டத் தடங்கள் பதிந்திருக்கின்றன. காலையில் கட்டிய பட்டி அழுத்திய தடங்கள். முகம் கழுவியும் போகவில்லை. உன் தங்கை தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னாள், மாட்டேன் என்றேன். கண்ணாடியில் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. உன் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சிரிப்பு.

நீ செத்து இரண்டு மாரி கழிந்துவிட்டது. நீ உயிரோடு இருந்த காலத்தில் ஒரு வசனத்தை உன்னிடம் முழுதாகச் சொல்லி முடிக்க எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. நான் வாயைத் திறந்தால் பாதியில் வெட்டுவாய். வள்ளத்தில் இருப்பவர்களைச் சிரிக்க வைப்பாய். நான் சொல்ல வந்தது கடலோடு போய்விடும். இப்போது நான் எழுதுகிறேன். ஓம், நான்தான். நூலகத்தில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போய் இந்த வயதில் எழுத்துப் படித்தேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகிறது. ஆறட்டும். எழுத்துக்குள் நீ குறுக்கே கதைக்க ஏலாது. கடைசி வரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். இதைவிட இனிப்பான எதையும் நான் தின்றதில்லை.

படிக்க வைத்ததும் நீதான். தேத்தண்ணிக் கடையில் பேப்பரை விரித்து எங்களுக்கு வாசித்துக் காட்டும்போது நடுவில் உன் சரக்கையும் சேர்ப்பாய். "திருகோணமலையில் சுழியோடி ஒருவர் தண்ணீரைக் கண்டு பயந்து ஓட்டம்" என்று செய்தி மாதிரியே நீட்டி வாசிப்பாய். கடலடியில் சங்கு எடுக்கிற என்னைப் பார்த்துக் கடை முழுக்கச் சிரிக்கும். அப்படி அச்சில் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். எனக்கு எல்லாம் எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும். இப்போது நானே பேப்பர் வாசிக்கிறேன். நீ சொன்ன அளவுக்கு அதில் பகிடி இல்லை, மச்சான்.

சங்கு எடுக்கச் சுழியோடுகிறவனுக்குக் கயிறு பிடிப்பவன் அவனுடைய மனைவியின் சகோதரனாக இருக்கவேண்டும் என்பது நம் ஆட்களின் வழக்கம். தன் தங்கை தாலி அறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்ற நம்பிக்கை. அப்படித்தான் என் இடுப்புக் கயிறு உன் கைக்கு வந்தது. நான் கல்லைப் பிடித்துக்கொண்டு கொட்டியாரக் குடாவின் அடிக்குப் போவேன். மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்டுவேன். நீ இழுக்கவேண்டும். உன் வேலை அவ்வளவுதான்.

நீயோ நான் சுண்டுமுன்னமே இழுத்தாய். சங்கு கண்ணுக்குத் தெரியும், கையை நீட்டுவேன், அதற்குள் இடுப்பு மேலே போய்விடும். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்துவேன்.

"ஏன்டா இழுத்தனீ?"

"நீ சுண்டினாய், இழுத்தனான்."

"நான் சுண்டேல்லை!"

"பயந்த கை தன்ர பாட்டில சுண்டும் மச்சான். அது உனக்குத் தெரியாது. கயிறு பிடிக்கிற எனக்குத்தான் தெரியும்."

பிறகு கரைக்கு வந்து அதையே எல்லோருக்கும் சொன்னாய். எனக்கு அரைமூச்சு என்று பெயர் வைத்தாய். அந்தப் பெயர் என் வீட்டுக்கும் வந்தது, மகளின் கல்யாணப் பந்தலுக்கும் வந்தது. நீ போன பிறகும் போகவில்லை. ஆனால் பெயரைவிடக் கொடுமையான ஒன்றை நீ எனக்குச் செய்தாய். என் கையிலேயே எனக்குச் சந்தேகம் வரவைத்தாய். ஒருவேளை சுண்டித்தான் இருக்குமோ என்று இந்த வலது கையை எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். தன் கையை நம்பாமல் ஒரு மனிதன் கிழவனாவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

போன கிழமை கம்பஸில் இருந்து ஒரு பிள்ளை மீன்பிடி ஜெட்டிக்கு வந்தாள். ஊர் கந்தளாய்ப் பக்கம். மூச்சுப் பிடிக்கும்போது பழைய சுழியோடிகளின் மூளையிலும் தசையிலும் ஒட்சிசன் என்ன ஆகிறது என்று ஆராய்கிறாளாம். எங்களோடு சங்கெடுத்த அந்தோனி உடனே என்னைக் காட்டினான். "முதல்ல அரைமூச்சைக் கொண்டுபோங்கோ பிள்ளை. கெதியா முடிஞ்சிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடலாம்." எல்லோரும் சிரித்தார்கள். நான் வருகிறேன் என்று சொன்னேன்.

இன்று காலை அவளுடைய கம்பஸுக்குப் போனேன். பக்கத்தில் ஒரு டொக்டரும் நின்றார். கட்டிலில் சாய்த்து வைத்து, நெற்றியில் ஒரு பட்டியும் தொடையில் ஒரு பட்டியும் கட்டினாள். பட்டிகளுக்குள் சின்னச் சின்ன விளக்குகள். சிவப்புக்கு அடுத்ததாக, கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று இருக்கிறதாம். செங்கீழ் ஒளி என்றாள். அது தோலையும் எலும்பையும் தாண்டிக் கொஞ்சத் தூரம் உள்ளே போய்த் திரும்பி வரும். ஒட்சிசன் உள்ள இரத்தம் அந்த ஒளியை ஒரு விதமாகக் குடிக்கும். ஒட்சிசனைக் கொடுத்து முடித்த இரத்தம் வேறு விதமாகக் குடிக்கும். குடித்தது போக மிஞ்சி வருவதைப் பார்த்து உள்ளே நடப்பதைச் சொல்லிவிடலாம்.

"நோகுமோ பிள்ளை?"

"நோகாது ஐயா. வெளிச்சம்தானே."

பிறகு என் வலது கையில் ஒரு பொத்தானைத் தந்தாள். "இனி ஏலாது எண்டு வந்தா இதை அமத்துங்கோ. நீங்கள் அமத்தின நேரம் கம்பியூட்டரில விழும்."

நான் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான், அது கயிறு. அதே கயிறு. ஆனால் மறுமுனையில் நீ இல்லை.

பழைய நாளில் செய்ததுபோலவே செய்யச் சொன்னாள். நானும் வள்ளத்தில் நிற்பதாக நினைத்து ஆழமாக ஊதி ஊதி எடுத்து, பிறகு மூச்சைப் பிடித்தேன். முதலில் நெஞ்சு கொஞ்சம் மூச்சைக் கேட்டது. வயிறு துள்ளியது. அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல அமைதி. பொழுதுபடும் வரைக்கும் அப்படியே இருக்கலாம்போல ஒரு சுகம். திடீரென்று அவள் தோளைத் தட்டினாள். "மூச்சு எடுங்கோ ஐயா, எடுங்கோ!"

எனக்குக் கோபம் வந்தது. "ஏன் நிப்பாட்டினீங்கள்? நான் அமத்தேல்லையே!"

"ஓம் ஐயா. நீங்கள் அமத்தேல்லை."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னாள். வெளியே வாங்கில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்த அந்தோனியை உள்ளே கூப்பிட்டு, அவனுக்கும் சொல்லச் சொன்னேன். கேட்டதும் வாயைப் பிளந்துகொண்டு திரும்பிப் போனான். நான் சுண்டவில்லை, பொய்யனே. என் கை ஒருநாளும் சுண்டவில்லை.

பிறகு திரையைக் காட்டினாள். இரண்டு கோடுகள். கீழே தமிழில் எழுதியிருந்தது. மூ-ளை. த-சை. நானே வாசித்தேன். நடுவில் ஒன்றையும் சேர்க்க அங்கே நீ இல்லை. தசைக் கோடு முதலிலேயே சரிந்துவிட்டது. மூளைக் கோடு நெடுநேரம் நேராகப் போனது. பார்த்தாயா, உடம்பு முழுக்கத் தவித்தாலும் என் தலை நிமிர்ந்துதான் நின்றிருக்கிறது. ஆனால் முடிவில் அந்தக் கோடும் வளைந்து விழுந்தது.

"இது எந்த நேரம் பிள்ளை?"

"நீங்கள் சுகமா இருக்கிறன் எண்டு நினைச்ச நேரம் ஐயா. அப்பிடி ஊதி ஊதி எடுத்தா நெஞ்சு பிறகு மூச்சைக் கேக்காது. மூளைக்குக் குறையிறது உங்களுக்கே தெரியாது. கடலுக்குள்ள எண்டா அப்பிடியே மயங்கிப் போயிருப்பீங்கள்."

இந்தப் பகுதியை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். நீ என்றால் வாசிக்காமல் தாண்டியிருப்பாய். நான் உன்னைப்போல வாசிக்கிறவன் இல்லை.

இந்த இடத்தில் உன் தங்கை வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்ன எழுதுறியள்?"

"உன்ர அண்ணைக்குக் கடிதம்."

"செத்தவருக்கோ? என்ன விலாசம் போடப் போறியள்?"

"பொய்யன், மேலுலகம். போய்ச் சேரும்."

வாசிக்கச் சொன்னாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்த இடங்களில் சிரிக்கவில்லை.

"அண்ணை தானும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டுதான் கயிறு பிடிக்கிறவர்" என்றாள். "நீங்கள் கீழ போற நேரம் தானும் பிடிப்பார். முட்டினா விட்டிட்டுத் திரும்பப் பிடிப்பார். மூண்டாந்தரமும் முட்டினா இழுத்திடுவார். எனக்குச் சொன்னவர்."

"அந்தச் சுருட்டுக் குடிச்ச நெஞ்சாலயோ என்னை அளந்தவன்?"

"வேற எதால அளக்கிறது?"

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் வேற ஆளைப் பிடிச்சிருப்பியள். உங்களுக்கு அப்ப இருந்த ரோசத்துக்கு அந்தோனியைப் பிடிச்சிருப்பியள். அவர் வள்ளத்தில நித்திரை கொள்ளுற ஆள்."

அதன்பிறகு எனக்கு எழுத்து ஓடவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டேன்.

இது மறுநாள் எழுதுவது.

காலையில் ஜெட்டிக்குப் போனேன். பொத்தானை அமத்தாத பாதியைச் சொல்வது, மயங்கிப்போகிற பாதியை விழுங்குவது என்று வழியெல்லாம் தீர்மானித்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேருமுன்னமே அந்தோனி சொல்லிவிட்டிருந்தான். "கிழவன் பொத்தானில கையே வைக்கேல்லை! என்ர காதால கேட்டனான்." எனக்கு வாங்கிலே இடம் விட்டார்கள். என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒருவன் தேத்தண்ணி வாங்கித் தந்தான். நான் எல்லோருக்கும் முன்னால் உன்னைப் பொய்யன் என்றேன். இரண்டாம் முறை இன்னும் உரக்கச் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. இத்தனை வருடமும் அந்த ருசிக்காகத்தான் காத்திருந்தேன். நன்றாகவே இருந்தது.

அப்போதுதான் அந்தோனி கேட்டான்: "அப்ப அவன் இழுக்காட்டி?"

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.

"செத்திருப்பன்" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தோனி தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து மடியில் வைத்தான். நீ மூச்சைப் பிடித்த கதையையும் நானே சொல்லவேண்டி வந்தது. கேட்டுவிட்டு ஒருவர் மாறி ஒருவர் உன்னைப் பற்றியே கதைத்தார்கள். உன் கை, உன் கயிறு, உன் வாய்க்கொழுப்பு, உன் நெஞ்சு. நான் அங்கே உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டார்கள். உன்னைக் கீழே இறக்கப் போன நான், தூக்கி உச்சியில் வைத்துவிட்டுத் தனியே வீட்டுக்கு நடந்து வந்தேன். இதற்கும் சேர்த்துத்தான் எனக்கு உன்மேல் கோபம்.

இந்தக் கோபத்தை நான் விடப்போவதில்லை. நன்றி என்று எழுதுவேன் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. ஒருநாளாவது, வள்ளத்தில் நாம் இருவர் மட்டும் இருந்த நேரம் பார்த்து, "நீ சுண்டேல்லை, நான்தான் இழுத்தனான்" என்று நீ சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உன்னை அடித்திருப்பேன். கயிற்றை வேறொருவன் கையில் கொடுத்திருப்பேன். அடுத்த சங்குக்குக் கையை நீட்டியபடியே, சுகமாக, அங்கேயே கிடந்திருப்பேன். எல்லாம் எனக்கு விளங்குகிறது. விளங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன், மச்சான்: நீ சொல்லியிருக்கவேண்டும்.