முட்டைக்கோஸ் ஜாடியின் கல்

இதை எழுதுபவன், டிரம்ஹெல்லர் ஊரில் பணிபுரியும் வழக்கறிஞரும் தங்கள் மகனுமாகிய ஒரெஸ்ட் ஹ்னாத்யூக்.

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று டைனோசர் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி லெஸ்லி கல் போன்ற ஒரு துண்டை நீட்டினாள்.

"நக்கிப் பாருங்க வக்கீல் சார்! நாக்குல ஒட்டிக்கிச்சுன்னா எலும்பு, இல்லன்னா வெறும் கல்லு."

ஒட்டியது. அதிர்ந்துபோனேன். நம் முட்டைக்கோஸ் ஊறுகாயின்மேல் பாரமாக வைக்கும் கல்லைச் சிறுவயதில் உப்புக்காக நக்கியபோதும் இப்படித்தான் ஒட்டியது. காலஞ்சென்ற அப்பா இங்குள்ள காளான் வடிவப் பாறைகளைப் பார்க்க வந்தபோது எடுத்துவந்த கல் அது. இங்கு கிடைக்கும் டைனோசர் எலும்பை அனுமதியின்றி இந்த மாகாணத்துக்கு வெளியே, அதாவது தாங்கள் இருக்கும் நம் ஊருக்கு, கொண்டுபோவது குற்றம்.

விவரம் சொன்னதும் லெஸ்லி சிரித்தாள். "அப்போ உங்கம்மா நாப்பது வருஷமா டைனோசரை ஊறப்போட்டிருக்காங்களா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. அப்பா தந்தவற்றில் தங்களிடம் எஞ்சியிருப்பது அது ஒன்றே. எனினும் அதை இந்த அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தாக வேண்டும். சட்டத்துக்குத் தங்கள் சம்மதம் தேவையில்லை, எனக்குத் தேவை. உடனே பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

(ஒப்பம்) ஒரெஸ்ட் ஹ்னாத்யூக்
சாட்சிகள்: லெஸ்லி மெக்ரே, வழிகாட்டி, கார்ல் பிஷர், பக்கத்து வீட்டுக்காரர்