திட்டப் பிழை ஒரு கிராம்

அனுப்புநர்:
எடைப் பதிவாளர் (தற்காலிகப் பணிநீக்கத்தில்),
மூன்றாம் எண் முட்டைக் கொள்முதல் நிலையம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
முட்டைக் கொள்முதல் ஆணையகம்.

பொருள்: எடைப் பதிவேட்டில் பொய் எழுதியதாகவும் பன்னிரண்டு முட்டைகளைக் காணாமல் ஆக்கியதாகவும் என் மீது சாட்டப்பட்ட குற்றங்களை நீக்கி, மீண்டும் பணியில் சேர்க்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. ஆய்வு அலுவலரின் குற்றக் குறிப்பாணை. 2. அதற்கு நான் அளித்த ஒன்றரைப் பக்க விளக்கம். 3. அந்த விளக்கத்தையே ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டு வெளியான பணிநீக்க உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மூன்றாம் எண் நிலையத்தில் நான்கு ஆண்டுகளாக எடைப் பதிவாளராக இருந்தேன். புள்ளியியலில் பட்டம் பெற்றவள். முட்டைக்கும் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோரும் கேட்டார்கள். இந்த மனு முழுவதும் அந்தச் சம்பந்தத்தைப் பற்றியதுதான். வரும் இருபதாம் தேதி இறுதி விசாரணை. அன்று குற்றம் உறுதியானால், எந்த அரசு நிலையத்திலும் நான் இனித் தராசைத் தொட முடியாது.

2. என் வேலை இன்னதென்று முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் நிலையத்துக்குத் தினமும் ஆறாயிரம் முட்டைகள் வருகின்றன. அட்டைக்கு முப்பது வீதம் இருநூறு அட்டைகள். எல்லாவற்றையும் எடை போட ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே சீட்டுக் குலுக்கி முப்பது அட்டைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முட்டை எடுத்து, முப்பதையும் எடை போட்டுச் சராசரியைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. நாளுக்கு ஒரே ஒரு எண். அந்த எண்ணை நம்பித்தான் மருத்துவமனைச் சமையற்கூடத்தில் நோயாளிகளுக்கு உணவின் அளவைப் போடுகிறார்கள்.

3. சென்ற மாதம் ஆய்வு அலுவலர் வந்தார். என் பதிவேட்டின் நூறு நாள் எண்களையும் விரலால் தடவிப் பார்த்தார். தொண்ணூற்றைந்து நாட்கள் ஐம்பத்து மூன்றுக்கும் ஐம்பத்தேழு கிராமுக்கும் நடுவில் இருந்தன. பிறகு அவரே அறுபது முட்டைகளை ஒவ்வொன்றாக எடை போட்டார். நாற்பத்து நான்கு வந்தது, அறுபத்தாறும் வந்தது. எங்களுக்கு முட்டை அனுப்புவது இரண்டு பண்ணைகள். ஒன்றில் இளங்கோழிகள், முட்டை ஐம்பது கிராமை ஒட்டி இருக்கும். மற்றதில் வளர்ந்த கோழிகள், அறுபதை ஒட்டி இருக்கும். ஆகவே அவர் போட்ட அறுபதில் சரியாக ஐம்பத்தைந்து கிராம் இருந்தது ஒன்றே ஒன்று. அவர் தராசை அணைத்துவிட்டு, “என்னம்மா, முட்டையைப் பாத்து எழுதுறியா, முகட்டைப் பாத்து எழுதுறியா?” என்று கேட்டார். முட்டைக்கு முட்டை இருபத்திரண்டு கிராம் வித்தியாசம் இருக்கும்போது என் எண்கள் நான்கு கிராமுக்குள் அடங்கியிருப்பதும், எந்தக் கோழியும் பெரும்பாலும் இடாத ஐம்பத்தைந்து கிராமை ஒட்டியே நான் நாள்தோறும் எழுதியிருப்பதும் முதல் குற்றம்.

4. பள்ளியிலும் கல்லூரியிலும் ஒருமுறைகூட முட்டை வாங்காத நான், கணக்கில் சொன்னால் விளங்கும் என்று நம்பி விளக்கம் எழுதினேன். அதுதான் நான் செய்த தவறு. பாடநூலில் உள்ள சொற்களை அப்படியே எழுதிவிட்டேன். தனி முட்டைகளின் “திட்ட விலக்கம் ஐந்தரை கிராம்” என்றேன். முட்டைகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதற்கான அளவு அது. முட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்தரை கிராமைத் திட்டமிட்டு விலக்கியதாக உத்தரவில் வந்திருக்கிறது. ஓடு உடையாமல் அதை எப்படிச் செய்வது என்று உத்தரவில் குறிப்பிடப்படவில்லை.

“மாதிரி எடை” என்று எழுதியிருந்தேன். மொத்தச் சரக்குக்கு மாதிரியாகக் குலுக்கி எடுத்த முப்பதின் எடை அது. எடை போட்ட மாதிரி எழுதியதாக நானே சொல்கிறேன் என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறிக்கப்பட்டுள்ளது. “நம்பிக்கை இடைவெளி” என்று எழுதியிருந்தேன். உண்மைச் சராசரி எந்த இரண்டு எண்களுக்குள் இருக்கும் என்று நம்பலாம் என்பதைச் சொல்லும் சொல் அது. எனக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நம்பிக்கையில் இடைவெளி விழுந்துவிட்டதை நான் ஒப்புக்கொண்டதாக உத்தரவு கூறுகிறது. அன்று அப்படி எழுதவில்லை. இன்று கேட்டால் எழுதித் தருகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “சராசரியின் திட்டப் பிழை ஒரு கிராம் மட்டுமே” என்று எழுதியிருந்தேன். “திட்டமிட்டே பிழை செய்ததாகவும், அதன் அளவு ஒரு கிராம் என்றும் ஊழியர் தானே ஒப்புக்கொண்டார்” என்பது உத்தரவின் கடைசி வரி. ஐயா, திட்டப் பிழை என்பது யாரும் செய்யும் பிழை அன்று. எவ்வளவு யோக்கியமாக எடை போட்டாலும், இன்று கைக்கு வந்த முப்பது முட்டை வேறு, நாளை வரப்போகும் முப்பது வேறு என்பதால் சராசரி சற்றே ஆடும். அந்த ஆட்டத்தின் அளவுக்குப் பெரியவர்கள் வைத்த பெயர் அது. பெயர் வைத்தவர்கள் பணிநீக்க உத்தரவுகளை நினைத்துப் பார்க்கவில்லை.

5. இனிப் பாடநூல் சொற்கள் இல்லாமல் சொல்கிறேன். முப்பது முட்டைகளைச் சேர்த்து எடை போடும்போது, கனமான முட்டைகளும் லேசான முட்டைகளும் கலந்தே வருகின்றன. ஒன்றின் மிகுதியை இன்னொன்றின் குறைவு ஈடுகட்டிவிடுகிறது. முப்பதும் இளங்கோழி முட்டையாகவே அமைந்தால்தான் சராசரி ஐம்பதுக்கு இறங்கும். என் ஆயுளில் அது நடக்காது, தாங்கள் ஓய்வு பெற்ற பிறகும் நடக்காது. எவ்வளவு ஈடாகும் என்பதற்கும் கணக்கு உண்டு. தனி முட்டையின் சிதறலை, சேர்த்து எடை போட்ட முட்டைகளின் எண்ணிக்கையுடைய வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். முப்பதின் வர்க்கமூலம் ஏறக்குறைய ஐந்தரை. ஐந்தரையை ஐந்தரையால் வகுத்தால் ஒன்று. ஆகவே நூறு நாளில் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து நாள், சராசரி ஐம்பத்தைந்துக்கு இரண்டு கிராம் மேலே அல்லது கீழே, அதாவது ஐம்பத்து மூன்றிலிருந்து ஐம்பத்தேழுக்குள் விழ வேண்டும். விழுந்திருக்கிறது. முட்டைகள் ஐம்பதில் ஒரு குவியலும் அறுபதில் ஒரு குவியலுமாகக் கிடந்தாலும், அவற்றின் சராசரிகள் ஐம்பத்தைந்தைச் சுற்றி ஒரே குவியலாகத்தான் சேரும். இதற்கு மைய எல்லைத் தேற்றம் என்று பெயர். இதில் எல்லை மீறல் எதுவும் இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

மீதி ஐந்து நாட்களையும் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் இரண்டு நாள் ஐம்பத்து மூன்றுக்குக் கீழே, மூன்று நாள் ஐம்பத்தேழுக்கு மேலே. நாற்காலியில் சாய்ந்து எண்களைக் கற்பனை செய்கிறவள் வம்பை விலைக்கு வாங்குவதுபோல் இந்த ஐந்தையும் எழுதியிருக்க மாட்டாள்.

6. இரண்டாம் குற்றம் இதற்கு நேர் எதிர். சராசரி ஆடாமல் இருந்தது முதல் குற்றம். விகிதம் ஆடியது இரண்டாம் குற்றம். தினமும் நூறு முட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, மயிரிழைக் கீறல் உள்ளவற்றை எண்ணி எழுதுவதும் என் வேலை. இதை ஒதுக்கு என்போம். நீண்ட நாள் கணக்கில் ஒதுக்கு நூற்றுக்குப் பத்து. குறிப்பிட்ட ஒரு திங்கட்கிழமை பதினாறு என்று எழுதினேன், செவ்வாய்க்கிழமை நான்கு என்று எழுதினேன். பன்னிரண்டு முட்டைகள் எங்கே போயின என்று கேட்கிறது குறிப்பாணை. செவ்வாய்க்கிழமை முட்டைகள் திங்கட்கிழமை முட்டைகள் அல்ல என்பதே என் பணிவான பதில். ஒவ்வொரு முட்டைக்கும் கீறல் உண்டு அல்லது இல்லை, இரண்டே வழி. நூறு முட்டைகளைச் சேர்த்தால், பத்தில் ஒன்று வீதம் கீறும் சரக்கில் இந்த எண்ணிக்கை மூன்று மேலே, மூன்று கீழே ஆடுவது இயல்பு. அதன் இரு மடங்கு ஆறு. ஆகவே நான்கிலிருந்து பதினாறு வரை எதுவும் வரலாம். நூறு நாளில் மூன்று நாள் தவிர அப்படித்தான் வந்திருக்கிறது.

குறிப்பாணை வீட்டுக்கு வந்த அன்று என் மாமியார் அதைப் படித்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய் எல்லாப் பாத்திரங்களையும் திறந்து பார்த்தார். திரும்பி வந்து, “பன்னெண்டு முட்டையில ஒண்ணுகூட இந்த வீட்டுக்கு வரலியேம்மா!” என்றார். இதை என் தரப்புச் சாட்சியமாகக் கொள்ள வேண்டுகிறேன்.

7. என் வார்த்தையை நம்ப வேண்டாம். விசாரணை நாளில் தங்கள் கையாலேயே சீட்டுக் குலுக்கி, முப்பது முட்டைகளை எடுத்து எடை போட்டுச் சராசரி பாருங்கள். இப்படி இருபது முறை செய்யுங்கள். மூன்று முறைக்கு மேல் ஐம்பத்து மூன்றுக்குக் கீழேயோ ஐம்பத்தேழுக்கு மேலேயோ போனால், அந்த இடத்திலேயே விலகல் கடிதத்தில் ஒப்பமிடுகிறேன். நான் முற்றிலும் உண்மையானவளாக இருந்தும் இந்தச் சோதனையில் தோற்க, நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு இருக்கிறது. அதையும் மறைக்காமல் தெரிவித்து, ஏற்றுக்கொள்கிறேன்.

8. குறிப்பாணையில் இரண்டாம் எண் நிலையத்தின் பதிவேடு முன்மாதிரியாகக் காட்டப்பட்டுள்ளது. அதே இரண்டு பண்ணைகளின் முட்டைகள்தாம் அங்கும் வருகின்றன. அங்கே நூறு நாள் சராசரி நாற்பத்து நான்கிலிருந்து அறுபத்தாறு வரை ஏறி இறங்குவதால், அது இயற்கையானது என்று அந்த எடையாளருக்குப் பாராட்டுச் சான்றிதழும், என் நிலையத்தின் கூடுதல் பொறுப்பும் அளிக்கப்பட்டுள்ளன. அந்தப் பதிவேட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. அந்த எடையாளர் என் கணவர்.

9. மனுதாரரின் கணவன் எழுதுகிறேன். கையெழுத்து மாறியிருப்பதற்கு மன்னிக்கவும். எட்டாம் பத்தியில் அவள் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். முப்பது அட்டைகளையும் தேடி எடுத்து எடை போட முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுவார். ஆகவே கைக்கு எட்டிய அட்டையில் ஒரு முட்டையை எடுத்து, எடை போட்டு, அதையே சராசரி என்று எழுதிவந்தேன். நூறு நாளும் அப்படித்தான். ஒன்றைப் பார்த்தால் போதாதா என்று நினைத்தேன். என் பதிவேட்டை விரித்துப் பாருங்கள். ஐம்பதை ஒட்டி ஒரு கும்பல், அறுபதை ஒட்டி ஒரு கும்பல், நடுவில் ஈ காக்கை இல்லை. முப்பது முட்டையின் சராசரி நாற்பத்து நான்கு வரவே வராது என்று அவள் சொல்கிறாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆய்வு அலுவலர் “இதுதாம்பா உழைச்சு எழுதின பதிவேடு” என்று முதுகில் தட்டியபோதே வாய் திறந்திருக்க வேண்டும். சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.
(ஒப்பம்) எடையாளர், இரண்டாம் எண் நிலையம்.

10. ஒன்பதாம் பத்தியை நான் கேட்டு வாங்கவில்லை. மனுவை மேசைமேல் வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனேன். திரும்பி வந்தபோது அது எழுதப்பட்டிருந்தது, அவர் கடைக்குப் போயிருந்தார். ஆகவே இந்தக் கடைசிப் பத்தியைப் புதிதாகச் சேர்க்கிறேன். “தானே ஒப்புக்கொண்டார்” என்ற வரியை உத்தரவிலிருந்து நீக்க வேண்டும். என்னை என் தராசுக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு என்ன தண்டனை என்பது தங்கள் முடிவு. வேலையைப் பறிக்காமல், இனித் தினமும் முப்பது அட்டைக்கும் நடக்க வைத்தால் போதும் என்பது என் வேண்டுகோள்.

ஐயா, இந்த இருபத்தேழு நாட்களில் “நிஜமாவே எடை போட்டியா?” என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. மாமியார் கேட்டார், என் அக்கா கேட்டாள், எதிர்வீட்டுத் தையல்காரர் அளவெடுக்கும்போது கேட்டார். என் கணவர் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. அதை நம்பிக்கை என்று நினைத்தேன். அழுகை வந்தபோதெல்லாம் அதை நினைத்துத்தான் தேறினேன். முப்பதையும் எடை போடாமல் எழுதிய பதிவேடு எப்படி இருக்கும் என்று அவருக்கு முதல் நாளே தெரியும், அதனால்தான் கேட்கவில்லை என்பது இன்றைக்குத்தான் விளங்கியது. இது குறித்து எனக்குள்ள கோபம் தங்கள் ஆணையகத்தின் அதிகார வரம்புக்குள் வராது. அதை நான் வீட்டிலேயே விசாரித்துக்கொள்கிறேன். வேலையைத் தாங்கள் பார்த்துக் கொடுங்கள்.

இடம்: வீடு (நிலையத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால்)
நாள்: பதினான்காம் தேதி, பணிநீக்கத்தின் இருபத்தேழாம் நாள்

ஒருநாளும் முப்பதுக்குக் குறையாமல் எடை போட்ட,
(ஒப்பம்)
எடைப் பதிவாளர், மூன்றாம் எண் நிலையம்.